பொற்கலம் முதல் கண்ணாடிக் குவளை வரை

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பாத்திரக் கடை ஒன்றில் நுழைந்து தம்ளர் வேண்டும் என்று கேட்டால், விளிம்பு வெளிப்புறம் வளைந்த எவர்சில்வர்க் குவளையை எடுத்துத் தருவர். அங்கிருந்து ஏறத்தாழ ஒரு கல் தொலைவிலுள்ள பீச் சாலை விடுதிகளின் மதுக்கூடத்தில் அதே சொல்லைச் சொன்னால், அடிப்பாகம் தடித்த கண்ணாடிக் கிண்ணத்தில் விஸ்கி வந்து நிற்கும். சொல் ஒன்று, பொருள் இரண்டு. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு உருண்டு விழுவது என்பதே கருத்து. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் அப்பெயர் பெற்ற கிண்ணத்தின் அடி உருண்டையாகவோ கூராகவோ இருந்தமையால் அது நிமிர்ந்து நில்லாது. ஊற்றியதைக் குடித்து முடிக்கும் வரை அதைக் கீழே வைக்க இயலாது. பின்னர் அடி தட்டையாயிற்று. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. தமிழ்நாட்டுக்கு வந்தபோது கண்ணாடியும் நீங்கி உலோகமாயிற்று. டபராவைத் துணையாகக் கொண்டு, அது வீடுதோறும் காப்பிக்கு உரியதாகக் குடியேறிவிட்டது.

விஸ்கி அருந்துவதற்கு ஏற்ற கலம் எது என்னும் வினா இன்று அதில் ஈடுபாடுடையோரால் பெரிதாகப் பேசப்படுகின்றது. அடி தடித்த தம்ளரா, நெடிய குவளையா, வாய் குவிந்து துலிப் மலர்போல் அமைந்த கிண்ணமா என்று அவர்கள் வழக்காடுகின்றனர். கள்ளுண்ணாமைக்கென வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்த மொழியில் இவ்வாராய்ச்சி எதற்கு என்று கேட்போரும் இருப்பர். ஆயினும் கலத்தின் வரலாறு குடிப்பவரின் வரலாறு மட்டும் அன்று. எவர் எவரோடு அமர்ந்து அருந்தலாம், எவருக்கு எந்தக் கலம் நீட்டப்படும், எவர் வாய் பட்ட கலத்தை எவர் தொடலாம் என்பனவெல்லாம் அதில் அடங்கியுள்ளன. மணத்துக்கும் சுவைக்கும் ஏற்பக் கலத்தைத் தெரிந்தெடுக்கும் வழக்கம் மிகப் பிந்தியது. அதற்கு முன் நெடுங்காலம் கலமே ஆளைத் தரம் பிரித்து வந்தது.

சங்க நூல்களில் மதுவைப் பற்றிய செய்தி வரும் இடங்களில் கலத்தைப் பற்றிய செய்தியும் பெரும்பாலும் உடன் வருகின்றது. பாண்டியன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரர் பாடிய புறநானூற்று 56-ஆம் பாட்டில், யவனர் கொண்டுவந்த குளிர்ந்த நறுமணத் தேறலை வளையணிந்த மகளிர் பொன்னாற் செய்த கலத்தில் ஏந்தி நாள்தோறும் ஊட்ட, அரசன் மகிழ்ந்திருக்குமாறு புலவர் வாழ்த்துகின்றார். மது கடல் கடந்து வந்தது; கலமோ பாண்டியன் மனையது. தேறல் எவ்வளவு உயர்ந்ததாயினும், அது வந்த சாடியிலிருந்தே அரசன் குடித்துவிடுவதில்லை. பொருநராற்றுப்படையில் கரிகாலன் அவைக்குச் சென்ற பொருநனுக்கும் பொற்கலம் நிறையப் பன்முறை வார்க்கின்றனர். வழிநடையால் இளைத்து, கிழிந்த ஆடையோடு வந்த கலைஞனுக்கு அரசனுக்குரிய கலத்தில் மது தரப்படுகின்றது என்பதே அங்குக் கருதத்தக்கது. அவன் தன்னோடு வைத்திருந்தது மண்டை என்னும் எளிய உண்கலமாகவே இருந்திருக்கும். பாணர் கூட்டத்தார்க்கு அடையாளமாகவே அப்பெயர் சங்கப் பாடல்களில் வருகின்றது. பசியால் வாடிய மண்டை நிறைவதே புரவலனின் புகழாகப் பேசப்பட்டது.

அதியமான் நெடுமான் அஞ்சி மறைந்தபோது ஔவையார் பாடிய 235-ஆம் புறப்பாட்டு இவற்றினும் ஆழமானது. கள் சிறிதளவே கிடைத்தால் அதைத் தமக்கே கொடுத்துவிடுவான் என்றும், மிகுதியாகக் கிடைத்தால் தாம் பாட அவனும் உடன் உண்டு மகிழ்வான் என்றும் அவர் இரங்குகின்றார். அங்கே பொன்னும் இல்லை, மணியும் இல்லை. கலத்தின் பெயர்கூட வேண்டப்படவில்லை. ஒரே சாடியிலிருந்து இருவர் உண்டனர் என்பதே அவனுக்குக் கையறுநிலை பாடப் போதுமானதாயிற்று.

திருமுருகாற்றுப்படை குறவர் குடியிருப்பில் வேறொரு கலத்தைக் காட்டுகின்றது. நெடிய மூங்கிற் குழாயில் இட்டு முதிர வைத்த தேன் தேறலை அவர்கள் சுற்றத்தோடு உண்டு குரவையாடுகின்றனர். ஸ்காட்லாந்தில் விஸ்கியை ஓக்கு மரப் பீப்பாயில் மூன்றாண்டுகளேனும் அடைத்து வைத்தல் வேண்டும் என்பது சட்டம். வடித்த சாராயம் வேறு, புளித்த தேறல் வேறு என்பது உண்மையே. ஆயினும் மரம் மதுவுக்குத் தன் குணத்தைத் தரும் என்பதைக் குறிஞ்சி நிலத்தாரும் கண்டிருந்தனர் எனலாம்.

யவனத் தேறல் வந்த சாடிகளின் உடைந்த துண்டுகள் புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் கிடைத்தன. 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வு அவ்விடத்தை உலகறியச் செய்தது. இரு கைப்பிடியும் கூரிய அடியும் உடைய அச்சாடிகள் மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்தவை. அவற்றோடு உரோமானியக் கண்ணாடிக் கிண்ணங்களின் சில்லுகளும் அங்கே அகப்பட்டுள்ளன. ஆகவே கண்ணாடியிலான உண்கலம் தமிழகக் கடற்கரைக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே வந்துவிட்டது. வந்தும் அது இந்நாட்டு வழக்கில் வேரூன்றவில்லை. தமிழர்க்குக் கண்ணாடித் தொழில் தெரியாது என்று இதற்குக் காரணம் கூறல் இயலாது. அதே அரிக்கமேட்டில் கண்ணாடியை உருக்கிக் குழலாக இழுத்துச் சிறு மணிகளாக நறுக்கும் தொழில் சிறந்திருந்தது. அத்தகைய மணிகள் தென்கிழக்காசியா எங்கும் கிடைக்கின்றன. நெருப்பும் மணலும் கைத்திறனும் இருந்தும், தமிழர் கண்ணாடியைக் கழுத்தில் அணிந்தனரேயன்றி அதில் ஊற்றிக் குடிக்கவில்லை.

காரணத்தைத் தொழிலில் தேடாமல் பழக்கத்தில் தேடவேண்டும். தமிழர் குடிக்கும் முறைகளுள் தலைசிறந்தது அண்ணாந்து குடித்தல். கலம் உதட்டில் படாது. நீர் மேலிருந்து வாய்க்குள் விழும். எச்சில் என்னும் கருத்தே இதற்கு அடிப்படை. தம்ளரின் விளிம்பு வெளிப்புறம் வளைந்திருப்பதும் இவ்வாறு ஊற்றுவதற்கு உதவுகின்றது. மண்கலம் எச்சிற்பட்டால் எறியப்படும். உலோகம் துலக்கப்பட்டுத் தூய்மையாகும். கண்ணாடியையும் பீங்கானையும் எந்த வகையில் சேர்ப்பது என்னும் ஐயத்தால், வைதிகக் குடும்பங்கள் பல அவற்றை அண்மைக்காலம் வரை அடுக்களைக்குள் விடவில்லை. பனையேறிகளின் வழக்கம் இன்னும் எளிது. பச்சை ஓலையை மடித்துக் கட்டிய பட்டையில் பதநீரோ கள்ளோ வார்த்து, குடித்தபின் ஓலையை எறிந்துவிடுவர். கழுவும் வேலையில்லை, எச்சிற்பகையும் இல்லை. பச்சோலையின் வாடை பதநீரோடு கலந்து வருவது தனிச்சுவை. கலம் சுவையைக் கூட்டும் என்பதற்குத் தமிழ்நாட்டுச் சான்று வேண்டுமாயின் இதனைக் காட்டலாம்.

குடிக்கும் கலத்தின் பெயர்களைப் பார்த்தாலும் இவ்வரலாறு விளங்கும். கலம் என்பது உண்கலத்தையும் மரக்கலத்தையும் அணிகலத்தையும் ஒருங்கே குறித்தது. கண்ணாடி என்ற சொல் முன்னர் முகம் பார்க்கும் ஆடிக்கே உரியதாய் இருந்து, பிற்காலத்தில் அப்பொருளுக்கே பெயராயிற்று. கோப்பையும் பீப்பாயும் போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சொற்கள். மொந்தையும் கலயமும் கள்ளோடு நின்றுவிட்டன. குவளை என்னும் சொல்லோ நீர்ப்பூவுக்கும் குடிகலத்துக்கும் பொதுவாக வழங்குகின்றது. வாய் குவிந்த விஸ்கிக் கிண்ணத்தை ஐரோப்பியர் துலிப் மலரின் பெயரால் அழைக்கின்றனர். தமிழாசிரியர் எவரேனும் அதற்குப் பெயர் தேடினால், குவளை என்பதை விடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது.

உதடு பட்டே தீரவேண்டிய கண்ணாடிக் குவளை தேநீரோடு தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கு வந்தபோது நேர்ந்தது நாடறிந்த செய்தி. தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை தோன்றிற்று. தாழ்த்தப்பட்டோர்க்கு ஒரு குவளை, மற்றையோர்க்கு வேறு குவளை. அவரவர் குவளையை அவரவரே கழுவி வைக்கவேண்டும் என்பதும் பல இடங்களில் விதியாயிற்று. இந்திய அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் அதற்கெனத் தனிச் சட்டமும் வந்தது. அதன் பின்னரும் ஊர்தோறும் இவ்வழக்கத்தை எதிர்த்துப் போராட வேண்டியிருந்தது. எறிந்துவிடத்தக்க தாள் குவளைகள் வந்தபோது, சில ஊர்களில் அவையே இரண்டாம் குவளையின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஔவைக்கு அதியமான் நீட்டிய கள்ளை நினைப்போர்க்கு இது கசப்பாகவே இருக்கும்.

இத்தகைய ஊர்களிலிருந்து கப்பலேறியவர்களே மலாயாவின் தோட்டங்களுக்கும் சிங்கப்பூரின் துறைமுகத்துக்கும் நகராண்மைப் பணிகளுக்கும் பெருந்தொகையாக வந்து சேர்ந்தனர். இங்கே சீனர் காப்பிக்கடையில் தடித்த பீங்கான் கோப்பையும், இந்திய முஸ்லிம்களின் சரபத் கடையில் கண்ணாடிக் குவளையும் இருந்தன. கோப்பையை நீட்டிய சீனருக்கு, அதை வாங்கியவரின் சாதி தெரியவும் தெரியாது. தெரிந்து ஆகவேண்டியதும் இல்லை. தமிழர் தம் சாதியையும் கப்பலில் ஏற்றி வந்தனர் என்பது மெய்யே. எனினும் கோப்பை அதற்கு ஒத்துழைக்க மறுத்த இடங்களும் இங்கே இருந்தன.

ஆனால் சிங்கப்பூரில் கலம் வேறொரு வகையில் ஆளைப் பிரித்தது. ஆங்கிலேயர் இங்குக் காலூன்றிய மறு ஆண்டே, 1820-இல், பார்க்குவார் அபினி, சாராயம், சூதாட்டம் ஆகியவற்றைக் குத்தகைக்கு விட்டு வருவாய் தேடினார். குடியால் கிடைத்த வரி தொடக்கம் முதலே நகரை நடத்த உதவிற்று. ஆளுவோர் குடித்ததோ வேறு மது. முதலில் அது பிராந்தியும் தண்ணீரும். இந்தியாவில் அதற்குப் பிராந்திப் பானி என்று பெயர். 1860-களிலிருந்து பைலாக்சரா என்னும் பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழிக்கத் தொடங்கியதும் பிராந்தி அருகிற்று. அவ்விடத்தை விஸ்கி பிடித்தது. விஸ்கி என்னும் பெயர் உயிர் நீர் என்று பொருள்படும் கேலிக் மொழித் தொடரிலிருந்து வந்தது. 1830-களில் ஏனியஸ் காபி என்பவர் அமைத்த தொடர்வடிகலத்தால் மலிவான தானியச் சாராயம் பெருகிற்று. அதனை மால்ட்டு விஸ்கியோடு கலந்து ஒரே சீரான சுவையோடு விற்கும் வணிகமும் அதே காலத்தில் வளர்ந்து வந்தது.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இந்த விஸ்கிக்கு ஸ்டெங்கா என்று பெயர் ஏற்பட்டது. பாதி என்று பொருள்படும் செத்தெங்கா என்னும் மலாய்ச் சொல்லின் சிதைவு அது. பாதி விஸ்கி, பாதி சோடா, பனிக்கட்டி. நெடிய குவளையில் ஊற்றப்படும். படியில் பாதியைத் தமிழர் உரி என்று சொல்வதுபோல, வெள்ளையர் மன்றங்களில் மலாய்ச் சொல்லே மதுவின் அளவுக்குப் பெயராகி, பின் மதுவுக்கே பெயராயிற்று. சாமர்செட் மாமின் மலாயாக் கதைகளைப் படித்தவர்கள் இப்பெயரை அடிக்கடி சந்தித்திருப்பர்.

ஸ்டெங்கா பிறப்பதற்கு மூன்று பொருள்கள் ஒன்றுகூட வேண்டியிருந்தன. விஸ்கி கப்பலில் வந்தது. பனிக்கட்டியும் முதலில் கப்பலிலேயே வந்தது. 1854-இல் வாம்போவா எனப் பெயர் பெற்ற சீன வணிகர் ஹூ ஆ கே சிங்கப்பூர் ஆற்றங்கரையில் பனிக்கட்டி இல்லம் ஒன்றைக் கூட்டாக நிறுவி அமெரிக்கப் பனிக்கட்டியை வரவழைத்தார். சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்ற பெயரோடு நிற்கும் கட்டடமும் அதே அமெரிக்க வணிகத்தின் எச்சமே. சிங்கப்பூரில் அம்முயற்சி நீடிக்கவில்லை. பின்னர்ப் பனிக்கட்டி உள்ளூரிலேயே செய்யப்பட்டது. சோடாவுக்கு 1883-இல் ஜான் பிரேசரும் டேவிட் நீவும் தொடங்கிய காற்றேற்றிய நீர் நிறுவனம் வழிசெய்தது. பிரேசர் நீவ் என்று இன்றும் வழங்கும் பெயர் அதனின்று வந்ததே.

இன்றைய விஸ்கி வல்லுநர் பலர் சோடாவும் பனிக்கட்டியும் விஸ்கியின் மணத்தைக் கொன்றுவிடும் என்று ஸ்டெங்காவை இகழக்கூடும். அவ்விகழ்ச்சி ஸ்காட்லாந்தின் குளிர்ந்த அறைக்குப் பொருந்தும். மின்விசிறியும் இல்லாத அக்காலச் சிங்கப்பூரில், முப்பது பாகையைத் தாண்டிய வெப்பத்தில், ஆல்கஹால் விரைந்து ஆவியாகி மூக்கைக் குத்தும். அதைக் குளிரச் செய்து, நீர்த்து, காற்றுக் குமிழிகள் நெடுநேரம் நிற்கும்படி உயர்ந்த குவளையில் ஊற்றியவர்கள் தம் இடத்துக்கு ஏற்ற கலத்தையே தெரிந்தெடுத்தனர். தவறு குவளையில் இல்லை. அக்குவளை எவர் கைக்கு எட்டியது என்பதிலேயே செய்தி இருக்கின்றது.

சிராங்கூன் சாலைக்கு மிக அருகிலேயே அவ்வெல்லை ஓடிற்று. 1842-இல் தொடங்கிய சிங்கப்பூர் விளையாட்டு மன்றத்தின் குதிரைப் பந்தயத் திடல் இன்றைய பேரர் பூங்காப் பகுதியில் இருந்தது. 1933-இல் அது புக்கிட் தீமாவுக்கு மாறும் வரை, வெள்ளையரின் விழா நாள்கள் தமிழர் குடியிருப்புக்கு அடுத்தே நடந்தன. ரேஸ் கோர்ஸ் சாலை என்னும் பெயர் மட்டும் அதற்கு நினைவாக நிற்கின்றது. திடலின் இப்பக்கத்தில் மாட்டுத் தொழுவங்களும் தேக்காச் சந்தையும் தொழிலாளர் தங்குமிடங்களும் இருந்தன. இப்பக்கத்து மது கள்.

கள்ளுக்கு மணம் பார்க்கும் குவளை வேண்டியதில்லை. பாளையிலிருந்து இறக்கிய சில மணி நேரத்தில் அது தானே புளிக்கும். மறுநாள் காடியாகத் தொடங்கும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் புளிக்காமல் பதநீராக நிற்கும். எடுத்த நாளே விற்று, விற்ற நாளே குடித்துத் தீர்க்கவேண்டிய பொருளாதலின், அதற்குப் புட்டியும் இல்லை, முத்திரையும் இல்லை, ஆண்டுக் கணக்கும் இல்லை. சிங்கப்பூரில் அரசாங்கக் கள்ளுக்கடைகள் இருந்தன. மலாயாவின் தோட்டங்களிலோ கூலி பெற்ற கையோடு தொழிலாளி கள்ளுக்கடைக்குச் செல்லும்படி அக்கடை லயத்துக்கு அருகிலேயே அமைந்தது. சென்னை மாகாணத்தில் இராஜாஜியின் அமைச்சரவை 1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தது. அங்கிருந்து கடல் கடந்து வந்தவருக்கு இங்கு அரசின் இசைவோடு கள் வார்க்கப்பட்டது.

இதனை முதலில் கண்டித்தவர்கள் வெளியார் அல்லர், தமிழரே. 1929-இன் இறுதியில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து சென்றபின், 1932-இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் சிங்கப்பூரில் தோன்றிற்று. 1935-இல் கோ. சாரங்கபாணி தமிழ் முரசைத் தொடங்கினார். சாதி ஒழிப்போடு கள்ளொழிப்பும் சீர்திருத்தக்காரர்களின் பேச்சில் இடம்பெற்றது. 1941-இல் கிள்ளானில் ஆர். எச். நாதன் முன்னின்ற தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தத்தில், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடுதலும் ஒரு கோரிக்கையாயிற்று. துரைக்கு எதிரே மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்பதும் அதே பட்டியலில் இருந்தது. இரண்டையும் சேர்த்தே படிக்கவேண்டும். தொழிலாளர் கேட்டது உடல்நலம் மட்டும் அன்று, மானமும்தான். போருக்குப் பின், 1946-47-இல், கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்து காவல்துறையோடு மோதவும் நேர்ந்தது. துரை ஸ்டெங்கா குடிப்பதை எவரும் குற்றமாகப் பேசவில்லை; தொழிலாளியின் கள் மட்டுமே சிக்கலாகக் கருதப்பட்டது என்பதைத் தொண்டர்களும் அறிவர். அறிந்தே அவர்கள் தம் கையிலிருந்த கலத்தைத் தாமே கவிழ்க்க முற்பட்டனர். சிங்கப்பூர்க் கள்ளுக்கடைகள் 1970-களின் இறுதியோடு மறைந்தன.

கலம் மறைப்பதும் உண்டு. பீச் சாலை ராபிள்ஸ் விடுதியில் 1915-இல் நியாம் தொங் பூன் என்னும் ஹைனானியர் கலந்து தந்த சிங்கப்பூர் ஸ்லிங் உலகப் புகழ் பெற்றது. பெண்டிர் பொது இடத்தில் மது அருந்துவது தகாது என்றிருந்த காலத்தில், பழச்சாறு போலத் தோன்றுமாறு அதனைச் செந்நிறத்தில் நெடிய குவளையில் அமைத்தார் என்று அவ்விடுதியார் கூறுவர். ஆண்மகன் எதிரே தடித்த தம்ளர் தன் சரக்கைக் காட்டி நிற்கும். பெண்ணின் எதிரே குவளை அதனை ஒளித்துத் தரும்.

இனி, மணத்துக்காகவே செய்யப்பட்ட கிண்ணத்துக்கு வரலாம். ஸ்காட்லாந்தின் பழைய விஸ்கிக் கலம் குவெய்க் எனப்படும் மரத்தட்டு. ஆழம் குறைந்தது, இரு கைப்பிடி உடையது. இரு கைகளாலும் ஏந்தி விருந்தினரிடம் நீட்டுவதற்கும், அவரும் இரு கைகளாலும் வாங்குவதற்கும் ஏற்றது. அதன் அகன்ற வாயில் மணம் நில்லாது. ஒருவர் குடித்தபின் மற்றவர் குடிப்பதே அதன் நோக்கம். அதியமானின் சாடிக்கு அது உறவு. விஸ்கியைக் கலந்து தேறும் தொழில்வல்லாரோ ஷெரி மதுவுக்குரிய சிறிய குவிவாய்க் கிண்ணத்தைப் பயன்படுத்தி வந்தனர். அதனை அடியொற்றி, ரேமண்டு டேவிட்சன் என்பவர் வடிவமைத்த கிளென்கேர்ன் கிண்ணம் 2001-இல் விற்பனைக்கு வந்தது. அடியில் கையால் பிடிக்கத் தடித்த காலும், நடுவில் பருத்த வயிறும், மேலே குவிந்த வாயும் உடையது அது. நூற்றாண்டுகளாக வடித்துவரும் ஒரு மதுவுக்கு, அதற்கென்றே உரிய கண்ணாடி பரவலாகக் கிடைத்தது இருபத்தோராம் நூற்றாண்டில்தான் என்பது வியப்பே.

அதன் இயல் எளிது. வயிறு பருத்திருப்பதால் மதுவின் மேற்பரப்பு விரிந்து மணப்பொருள்கள் எழும். வாய் குவிந்திருப்பதால் அவை சிதறாமல் திரண்டு மூக்கை அடையும். நேரான தம்ளரில் அவை பக்கங்களில் கலைந்துவிடும். 2015-இல் தோக்கியோ ஆய்வாளர் சிலர் திராட்சை மதுக் கிண்ணத்தின் மேல் ஆல்கஹால் ஆவி எவ்வாறு பரவுகின்றது என்பதைப் படமாக்கினர். 13 பாகைக் குளிர்ச்சியில் ஆவி விளிம்பை ஒட்டி வளையமாக எழுந்து, நடுவே குறைந்திருந்தது. நேரான கிண்ணத்தில் அவ்வளையம் காணப்படவில்லை. 25 பாகையில் எந்தக் கிண்ணத்திலும் அது நில்லாமற் போயிற்று. சிங்கப்பூர் வாசகர் இக்கடைசிச் செய்தியை மறத்தலாகாது. 2017-இல் சுவீடனைச் சேர்ந்த கார்ல்சன், பிரீட்மன் என்னும் இருவர், சிறிது நீர் சேர்த்தால் விஸ்கிக்குப் புகைமணம் தரும் குவையகால் என்னும் பொருள் மேற்பரப்பை நோக்கி வரும் என்று கணினிவழிக் கணித்துக் காட்டினர். நீர் ஊற்றிக் குடிப்பவரைக் கேலி செய்தவர்கள் அதன்பின் சற்று அடங்கினர்.

எவர்சில்வர்த் தம்ளர் ஏன் ஆகாது என்று சிராங்கூன் சாலையில் ஒருவர் கேட்டால், அதற்கும் மறுமொழி உண்டு. எவர்சில்வர் மதுவோடு வினைபுரியாது. ஈயம் பூசாத பித்தளையைப் போலப் புளிப்புப் பட்டதும் களிம்பு ஏறாது. ஆனால் நிறம் தெரியாது. கையின் சூடு உடனே உள்ளே பாயும். அகன்று விரிந்த விளிம்பு மணத்தைச் சிதறடிக்கும். அண்ணாந்து குடித்தால் மதுவின் வழியில் மூக்கே குறுக்கிடாது. எச்சிலைத் தவிர்க்க அமைந்த கலமும் மணத்தைப் பிடிக்க அமைந்த கலமும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. குளிரூட்டிய அறையில் நல்ல விஸ்கியை நிதானமாக முகர்ந்து அருந்துபவருக்குக் குவிவாய்க் குவளை. பனிக்கட்டியோடு விரும்புபவருக்கு அடி தடித்த தம்ளர். திறந்த வெளியின் புழுக்கத்தில் சோடாவோடு பருகுபவருக்கு நெடிய குவளை. நூறாண்டுக்கு முந்திய ஸ்டெங்காக்காரரின் தெரிவு அவ்விடத்தில் இன்றும் செல்லும்.

இத்தெரிவு எல்லார்க்கும் வாய்ப்பதன்று. 2013 திசம்பர் 8-ஆம் நாள், ஒரு ஞாயிறு இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் ஒருவர் பேருந்தில் சிக்கி இறந்ததை அடுத்துக் கலகம் மூண்டது. விசாரணைக் குழு அதற்குக் காரணமாய் அமைந்தவற்றுள் மதுவையும் ஒன்றாகக் கூறிற்று. 2015 ஏப்ரல் முதல் நாள் முதல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இரவு 10.30 மணி முதல் காலை 7 மணி வரை பொது இடங்களில் மது அருந்துதல் தீவு முழுவதும் தடுக்கப்பட்டது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரங்களாயின. அவ்விடங்களில் வார இறுதி நாள்களிலும் பொது விடுமுறை நாள்களிலும் பகலிலும் பொது இடத்தில் குடித்தல் ஆகாது. உரிமம் பெற்ற கடைக்குள் அருந்துவோரை இது தடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டுமே ஓய்வுடைய கட்டுமானத் தொழிலாளி நண்பரோடு திடலின் புல்தரையில் அமர்ந்து, பிளாஸ்டிக் குவளையில் பங்கிட்டுக்கொள்ளும் விஸ்கி குற்றமாகும். சாலையைக் கடந்து கடைக்குள் சென்று, அதையே கண்ணாடிக் குவளையில் கடை விலைக்கு வாங்கினால் குற்றமில்லை. அவ்விலையில் ஒரு குவளைக்குச் செலவாகும் பணம் எத்தனை மணி நேர உழைப்புக்கு ஈடு என்று கணக்கிட்டுப் பார்த்துவிட்டே அவர் சாலையைக் கடக்கவேண்டியிருக்கும்.